கை வைக்காத ஃபைலில் பிழை காட்டுகிறதே, ஏன்?

வாசகியின் கடிதச் சுருக்கம்

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் இந்த வாசகி. வயது 34. முன்பு டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். இப்போது ஓர் அளவீட்டுக் கருவிக்கான சி நிரலைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறார். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு ஹெடர் ஃபைலின் (பல நிரல் ஃபைல்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புகள் உள்ள ஃபைல்) கடைசியில் இரண்டு வரிகள் சேர்த்தார். கம்பைல் செய்ததும், அதாவது நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றச் சொன்னதும், திரை நிறையப் பிழைச்செய்திகள், மொத்தம் 147. ஒன்றுகூட அவர் திருத்திய ஹெடரைச் சுட்டவில்லை. பெரும்பாலானவை மெஷினில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் சிஸ்டம் ஹெடர்களுக்குள் இருப்பதாகக் காட்டின.

கம்பைலரே கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து அந்தச் சிஸ்டம் ஹெடரைத் திறந்து, பிழை காட்டிய 19 வரிகளை கமென்ட் ஆக்கிவிட்டார், அதாவது கம்பைலர் படிக்காமல் தாண்டிப் போகும்படி செய்துவிட்டார். பிழைகள் 147-இலிருந்து 90 ஆகக் குறைந்தன. சரியான வழியில்தான் போகிறோம் என்று நம்பினார். மறுநாள் அதே பில்டு மெஷினை (நிரல்களைக் கம்பைல் செய்யும் பொதுக் கணினியை) பயன்படுத்தும் வேறொரு குழுவின் நிரல் கம்பைல் ஆகவில்லை. யார் செய்தது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. “கம்பைலரை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போட்டுவிடலாமா? டீம் லீடிடம் சொல்லியே ஆக வேண்டுமா? ஆங்கிலம் சுமார்தான். பிரீபிராசசர் தரும் இந்தச் செய்திகள் இந்த வயதில் எனக்குப் புரியுமா?” என்று கேட்டிருக்கிறார். இதற்குமுன் தன்னைத் திணறடித்த வேறு மூன்று செய்திகளையும் நோட்டில் குறித்துவைத்து அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சேர்த்த இரண்டு வரிகளையும் கடிதத்தில் அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி. அது இல்லாமல் நான் பொதுவாக ஏதோ சொல்லியிருப்பேன். இப்போது நேராகவே சொல்லிவிடலாம். உங்கள் கம்பைலர் கெடவில்லை. நீங்கள் செய்த தவறுகள் 147 இல்லை, இரண்டு. இரண்டுமே செமிகோலன் சம்பந்தப்பட்டவை. ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது, மற்றொன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உங்கள் வரிகள் இவை:

#டிஃபைன் பஃபர்_சைஸ் 256;
இன்ட் ரீட்_சென்சார்(இன்ட் சேனல்)

முதலாவது ஒரு மேக்ரோ: பஃபர்_சைஸ் என்ற பெயர் வரும் இடத்திலெல்லாம் அதன் வலப்பக்கம் இருப்பதை வைக்கச் சொல்வது. இரண்டாவது, ரீட்_சென்சார் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்ற அறிவிப்பு. முதல் வரியின் கடைசியில் இருக்கும் செமிகோலனை எடுத்துவிடுங்கள். இரண்டாவது வரியின் கடைசியில் ஒன்றைப் போடுங்கள். பழுது அவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த மாதம் வேறு வடிவத்தில் இதே குழப்பம் வரும். அதனால் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேசியது பிரீபிராசசர் இல்லை

கடிதம் முழுவதும் ‘பிரீபிராசசர் பிழை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்த 147-இல் ஒன்றுகூட பிரீபிராசசர் சொன்னதில்லை. ஒரு சி நிரல் ஓடும் நிலைக்கு வருவதற்குள் மூன்று பேர் கையில் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரீபிராசசர். # என்று தொடங்கும் வரிகள் சொல்கிறபடி ஃபைல்களை ஒட்டி, மேக்ரோக்களை மாற்றி, ஒரே நீளமான எழுத்துத் தொகுப்பாக ஆக்கித் தரும். அடுத்து கம்பைலர். அந்தத் தொகுப்பை சி மொழி இலக்கணப்படி படிக்கும். கடைசியில் லிங்கர். தனித்தனியாகக் கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டும்.

இதில் பிரீபிராசசருக்கு சி மொழியே தெரியாது. ஃபங்ஷன், டைப், ஸ்ட்ரக்ட் எதுவும் அதற்குப் புரியாது. ஒட்டுவது, மாற்றுவது, தவிர்ப்பது இந்த மூன்றுதான் அதன் வேலை. #இன்க்ளூட் என்று எழுதினால் அந்த ஹெடரில் உள்ள அத்தனை எழுத்தையும் அந்த இடத்தில் கொட்டும். ஹெடர் முழுமையாக முடிந்ததா, கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் ஹெடர் பாதி வாக்கியத்தில் முடிந்தது. அடுத்து ஒட்டப்பட்ட ஃபைலின் முதல் வாக்கியம் அந்தப் பாதியோடு சேர்ந்துகொண்டது.

உங்கள் சென்சார் ஃபைலின் முதல் வரி உங்கள் ஹெடரைச் சேர்க்கிறது. இரண்டாவது வரி சிஸ்டம் ஹெடரைச் சேர்க்கிறது. அதனால் கம்பைலர் கண்ணுக்குத் தெரிந்தது இப்படி: ‘இன்ட் ரீட்_சென்சார்(இன்ட் சேனல்)’, உடனே கீழே சிஸ்டம் ஹெடரின் டைப்டெஃப் வரிகள் (ஒரு டைப்புக்கு, அதாவது மதிப்பின் வகைக்கு, வேறு பெயர் வைப்பவை). இடையில் செமிகோலன் இல்லை.

இங்கேதான் சி மொழியின் பழைய வரலாறு உங்கள் மேல் வந்து விழுகிறது. 1989-இல் ஆன்சி (அமெரிக்கத் தர நிறுவனம்) தரம் வருவதற்கு முன்பு, ஒரு ஃபங்ஷனின் பாராமீட்டர்களுக்கு, அதாவது அது வாங்கிக்கொள்ளும் மதிப்புகளுக்கு, என்ன டைப் என்பதை அடைப்புக்குறி முடிந்த பிறகு, நெளிந்த அடைப்புக்குறி தொடங்குவதற்கு முன்பு, தனி வரிகளாக எழுதுவார்கள். பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக அந்தப் பாணியைக் கம்பைலர்கள் பல காலம் அனுமதித்து வந்தன. சி மொழியின் பிந்தைய தரமான சி23தான் அதை நீக்கியது. உங்கள் இடத்தில் இருப்பது அதற்கு முந்தைய தரத்தில் இயங்கும் ஜிசிசி என்ற கம்பைலர். ஆகவே அது, “ஓ, ரீட்_சென்சார் என்ற ஃபங்ஷனை இங்கே எழுதத் தொடங்கிவிட்டார்கள், இனி வருவதெல்லாம் அதன் பாராமீட்டர்கள்” என்று எடுத்துக்கொண்டது. சிஸ்டம் ஹெடரின் ஒவ்வொரு டைப்டெஃப் வரியையும், எக்ஸ்டெர்ன் வரியையும் (வேறு இடத்தில் இருப்பதை அறிவிப்பது) பாராமீட்டராகப் படித்துப் பார்த்தது. பாராமீட்டருக்கு டைப்டெஃப் என்றோ எக்ஸ்டெர்ன் என்றோ போட முடியாது. அதனால் வரிக்கு வரி ஒரு புகார்: ‘ஸ்டோரேஜ் கிளாஸ் ஸ்பெசிஃபைட் ஃபார் பாராமீட்டர்’. டைப்டெஃப், எக்ஸ்டெர்ன் போன்ற சொற்களைத்தான் அது ஸ்டோரேஜ் கிளாஸ் என்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் இந்த வாசகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சிஸ்டம் ஹெடருக்குள் இந்தச் செய்தி வரிசையாக வந்தால், அதற்கு முன்னால் சேர்க்கப்பட்ட ஹெடரில் ஒரு செமிகோலன் விடுபட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்ப் பார்க்கலாம்.

147 ஏன் 90 ஆனது

இதுதான் உங்களை ஏமாற்றிய இடம். ஆகவே கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். உங்கள் ஹெடரைச் சேர்க்கும் நிரல் ஃபைல்கள் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே கட்டளையில் கம்பைல் செய்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 49 புகார்; 49 × 3 = 147. நீங்கள் கமென்ட் ஆக்கியது 19 வரிகள்; 19 × 3 = 57. மீதி 90.

புகார் சொன்ன வரியையே மறைத்தால் புகார் குறையத்தான் செய்யும். அந்த 19 வரிகளில் எந்தத் தவறும் இருக்கவில்லை. பழுதின் இடம் அப்படியே இருந்தது. எண்ணிக்கை குறைவதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பைலர் ஒரு இடத்தில் தடம் மாறிவிட்டால் அதன் பிறகு சொல்வதில் பாதிக்கு மேல் அந்தத் தடுமாற்றத்தின் எதிரொலிதான். முதல் செய்தியை மட்டும் படியுங்கள், அதைச் சரிசெய்யுங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள். முதல் செய்தி மேலே ஓடிப்போய்விடுகிறது என்றால் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதவைத்து அதன் தலைப்பகுதியைப் பாருங்கள்.

சரி, முதல் செய்தியும் சிஸ்டம் ஹெடரைத்தானே காட்டியது என்று கேட்பீர்கள். உங்கள் பட்டியலின் உச்சியைப் பார்க்கிறேன். ‘எரர்’ என்ற சொல் இல்லாத இரண்டு வகை வரிகள் அங்கே இருக்கின்றன. அவற்றை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஒன்று, ‘இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம்’ என்று தொடங்குவது. எந்த ஃபைல் எந்த ஃபைலுக்குள் ஒட்டப்பட்டது என்ற சங்கிலி அது. கடைசியில் இருப்பது உங்கள் சொந்த நிரல் ஃபைல், கூடவே வரி எண் 2. அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். இரண்டாவது வரியில் ஒட்டியபோது சிக்கல் என்றால், முதல் வரியில் ஒட்டியது என்ன என்று கேட்க வேண்டும். உங்கள் ஹெடரின் பெயர் அந்தச் சங்கிலியில் வராததற்குக் காரணம் இதுதான்: சிஸ்டம் ஹெடர் அதற்குள்ளே ஒட்டப்படவில்லை, அதற்கு அடுத்து ஒட்டப்பட்டது.

இரண்டாவது வரி இன்னும் வெளிப்படையானது: ‘இன் ஃபங்ஷன் ரீட்_சென்சார்’. சிஸ்டம் ஹெடருக்குள் உங்கள் ஃபங்ஷனின் பெயருக்கு என்ன வேலை? நீங்கள் அறிவிப்பு மட்டும் எழுதிய ஃபங்ஷனுக்குள் தான் இருப்பதாகக் கம்பைலர் நினைக்கிறது. பழுது எங்கே என்று பெயர் சொல்லியே காட்டியிருக்கிறது.

ஒட்டியபின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான். ஜிசிசி கட்டளையோடு மைனஸ் போட்டு கேப்பிடல் ‘ஈ’ சேர்த்தால், பிரீபிராசசர் வேலையோடு அது நின்றுவிடும். கம்பைலருக்குப் போகவிருந்த தொகுப்பு உங்கள் கைக்கு வரும். ஒரே ஒரு சிஸ்டம் ஹெடர் சேர்த்த சின்ன நிரலே சில நூறு வரிகளாக விரிந்திருக்கும். பயப்பட வேண்டாம், முழுவதையும் படிக்கத் தேவையில்லை. உங்கள் ஃபங்ஷன் பெயரைத் தேடுங்கள். உங்கள் விஷயத்தில், ரீட்_சென்சார் வரிக்குக் கீழே # போட்டு ஓர் எண்ணும் ஃபைல் பெயரும் உள்ள சில வரிகள், அவற்றைத் தாண்டியதும் சிஸ்டம் ஹெடரின் முதல் டைப்டெஃப். ஒட்டுப்போட்ட இடம் கண்ணெதிரே தெரியும்.

அந்த # வரிகள் எந்த ஃபைலின் எந்த வரியிலிருந்து இது வந்தது என்ற அடையாளக் குறிப்புகள். பெயருக்குப் பின்னால் 1 இருந்தால் புதிய ஃபைலுக்குள் நுழைகிறது, 2 இருந்தால் பழைய ஃபைலுக்குத் திரும்புகிறது, 3 இருந்தால் அது சிஸ்டம் ஹெடர். பிழைச்செய்தியில் வரும் வரி எண்களைக் கம்பைலர் இந்தக் குறிப்புகளிலிருந்துதான் எடுக்கிறது.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். உங்கள் #டிஃபைன் வரி அங்கே இருக்காது. அது தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் பஃபர்_சைஸ் என்று நீங்கள் எழுதிய இடத்திலெல்லாம் ‘256;’ உட்கார்ந்திருக்கும், செமிகோலனோடு. சதுர அடைப்புக்குறிக்குள் ‘256;’ வந்தால் கம்பைலர் என்ன செய்யும்? முதல் பழுதைச் சரிசெய்தவுடன் வெளியே வரப்போவது இதுதான். அடைப்புக்குறி மூடுவதை எதிர்பார்த்தேன், செமிகோலன் வந்தது என்று சொல்லும். அதனோடு ‘இன் எக்ஸ்பேன்ஷன் ஆஃப் மேக்ரோ’ என்று ஒரு குறிப்பும் வரும். மேக்ரோவை எழுதிய வரி, அதைப் பயன்படுத்திய வரி, இரண்டும் அதில் இருக்கும். பழுது எழுதிய வரியிலா, பயன்படுத்திய வரியிலா என்று இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு எழுதிய வரியில்.

உங்கள் நோட்டில் இருந்த மூன்று செய்திகள்

இவை உண்மையாகவே பிரீபிராசசர் பேசுபவை.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’: கேட்ட ஹெடர், தேடிய இடங்களில் கிடைக்கவில்லை. அந்த ஹெடரைத் தேடிப்பிடித்து உங்கள் ஃபோல்டருக்குள் காப்பி செய்துகொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை நடந்திருக்கும், ஆனால் தயவுசெய்து அந்தக் காப்பியை நீக்கிவிடுங்கள். யாராவது அசலை மாற்றினால் உங்கள் நிரல் மட்டும் பழைய ஹெடரோடு கம்பைல் ஆகும். ஒரு ஸ்ட்ரக்ட்டில் ஓர் உறுப்பு கூடியிருந்தால் எந்தச் செய்தியும் வராமல் கருவி தவறான அளவைக் காட்டும். சரியான வழி, ஹெடர் இருக்கும் ஃபோல்டரை மைனஸ் கேப்பிடல் ‘ஐ’ ஆப்ஷனில் கொடுப்பது. அதற்குமுன் எழுத்துகளைச் சரிபாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகத் தடையாகாது. லினக்ஸில் அது வேறு ஃபைல். மேற்கோள் குறிக்குள் பெயரை எழுதினால், எழுதிய ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் முதலில் தேடும். கோணக்குறிக்குள் எழுதினால் அந்த ஃபோல்டரைப் பார்க்காது.

‘அன்டெர்மினேட்டட் #இஃப்என்டெஃப்’: திறந்த நிபந்தனை மூடப்படவில்லை. ஹெடரின் முதல் வரியைக் காட்டுகிறது, கடைசியில் #எண்டிஃப் இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறீர்கள். உள்ளே இன்னொரு #இஃப்டெஃப் இருக்கிறதா பாருங்கள். அதை மூட மறந்தால், கடைசியில் இருக்கும் #எண்டிஃப் அந்த உள் நிபந்தனைக்குப் போய்விடும். மூட ஆளில்லாமல் நிற்பது வெளியே இருக்கும் முதல் வரி. பழி அதன் மேல் விழுகிறது. ஒவ்வொரு #எண்டிஃப் பக்கத்திலும் அது எதை மூடுகிறது என்று ஒரு கமென்ட் எழுதிவைத்தால் இந்தத் தேடல் மிச்சம்.

‘மிஸ்ஸிங் பைனரி ஆபரேட்டர் பிஃபோர் டோக்கன்’: #இஃப் வரியில் சைஸ்ஆஃப்(இன்ட்) == 4 என்று எழுதியிருக்கிறீர்கள். பிரீபிராசசருக்கு சி தெரியாது என்றேன் அல்லவா, சைஸ்ஆஃப் என்பதும் தெரியாது. தெரியாத எந்தப் பெயரையும் #இஃப் வரியில் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி வந்தால், இடையில் கூட்டலோ கழித்தலோ எங்கே என்று கேட்கிறது. அளவைச் சோதிக்க வேண்டுமானால் சி11-இல் வந்த ஸ்டாட்டிக் அசெர்ட்டைப் பயன்படுத்துங்கள். அதைப் பார்ப்பது கம்பைலர், அதற்கு டைப் தெரியும்.

இந்த மூன்றாவது செய்தியை நினைத்து நான் உண்மையில் கவலைப்படுவது அது வராத நேரத்தைப் பற்றித்தான். #இஃப் வரியில் ஒரு மேக்ரோவின் பெயரைத் தப்பாக அடித்தால் அதுவும் பூஜ்யமாகிவிடும். எரர் வராது, வார்னிங் வராது, ஒரு பகுதி நிரல் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். உங்கள் குழு செய்வது அளவீட்டுக் கருவி. ‘டபிள்யூ அன்டெஃப்’ என்ற வார்னிங் ஆப்ஷனைப் போடச் சொல்லிக் கேளுங்கள். ‘டபிள்யூ ஆல்’ போட்டாலும் அது தானாக வராது, தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றி

இந்தச் செய்திகளின் ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் இல்லை. சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து இருபது தொழிற்சொற்கள் தெரிந்தால் போதும், அவை திரும்பத் திரும்ப வரும். டோக்கன் என்றால் நிரலின் ஒரு சொல் அல்லது ஒரு குறி. டெர்மினேட் என்றால் மூடுவது. ‘எக்ஸ்பெக்டட் இது பிஃபோர் அது’ என்றால், “அதைக் கண்டதும் நின்றேன், அதற்கு முன்னால் இது இருந்திருக்க வேண்டும்” என்று பொருள். ஆகவே காட்டிய இடத்திலிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். 34 வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்டிங்கில் இருந்தவர் நீங்கள். எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று வரி எண்ணோடு, எண்ணிக்கையோடு எழுதியனுப்பியிருக்கிறீர்கள். நான் மேலே கணக்குப் போட முடிந்ததே அதனால்தான்.

டீம் லீடிடம் சொல்வது

சொல்லுங்கள், இன்றைக்கே. இதில் நான் வேறு யோசனை சொல்ல மாட்டேன். அந்தச் சிஸ்டம் ஹெடர் பலர் சேர்ந்து பயன்படுத்தும் மெஷினில் இருக்கிறது. இன்னொரு குழு இந்த நேரம் தங்கள் நிரலில் பழுது தேடிக்கொண்டிருக்கும். நீங்களே ஓசைப்படாமல் 19 வரிகளின் கமென்ட்டை எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஒன்று விட்டுப்போனால், அந்த ஒரு வரி யாரை எப்போது தாக்கும் என்று சொல்ல முடியாது. கம்பைலரை நீக்கிப் போடுவதும் வேண்டாம். அதில் பதிப்பு மாறினால் எல்லாருக்கும் புதுத் தொல்லை. தவிரவும், அந்த ஹெடர் பெரும்பாலும் கம்பைலர் பேக்கேஜில் இருக்காது, சி லைப்ரரியின் பேக்கேஜில் இருக்கும். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் அந்த ஒரு பேக்கேஜை மட்டும் அதே பதிப்பில் மறுபடி நிறுவி, பேக்கேஜ் மேனேஜரின் சரிபார்ப்பு வசதியால் ஃபைல் அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். பத்து நிமிட வேலை.

“இந்த ஹெடரில், இந்தத் தேதியில், இந்த 19 வரிகளை நான் கமென்ட் ஆக்கினேன். என் ஹெடரில் விடுபட்ட செமிகோலன்தான் காரணம் என்று இப்போது தெரிகிறது. லைப்ரரி பேக்கேஜை மறுபடி நிறுவ வேண்டும்.” இந்த மூன்று வாக்கியம் போதும். மன்னிப்பு கேட்டு நீட்ட வேண்டாம். சேர்ந்து மூன்று வாரமே ஆனவருக்கு எல்லாரும் பயன்படுத்தும் மெஷினின் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்திருந்ததும் குழு யோசிக்க வேண்டிய விஷயம்தான். அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பிழைச்செய்திகளை இணையத்தில் ஒட்டிக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்தியின் ஒரு வரியை ஒட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பிரீபிராசசர் விரித்துத் தந்த முழுத் தொகுப்பை எங்கும் ஒட்டாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஹெடர்கள் முழுவதும், ஃபோல்டர் பெயர்களும், சில நேரம் உங்கள் யூசர் பெயரும் அதற்குள் இருக்கும். கேட்க வேண்டுமானால் பெயர்களை மாற்றி, அதே பிழை வரும்படி பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கேளுங்கள். அப்படிச் சுருக்கி எழுதும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

சிஸ்டம் ஹெடர் பழையபடி ஆனபிறகு இரண்டு செமிகோலன்களையும் சரிசெய்து கம்பைல் செய்யுங்கள். அப்போதும் ஏதாவது மிஞ்சினால், முதல் செய்தியை மட்டும், அதற்கு மேலே ‘எரர்’ என்ற சொல் இல்லாமல் நிற்கும் வரிகளையும் சேர்த்து, எனக்கு எழுதுங்கள்.